வரலாற்றுத் துறையின் வாசலில்

(நரிக்குடியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வீட்டுல கேக்கிற கேள்வியிலிருந்தே ஆரம்பிச்சிருவோம். சரித்திரம் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற? கம்மாயில தண்ணி இல்ல, மிளகாய்க்கு விலை இல்ல, கரிமூட்டத்துல வெந்து உன்னயக் காலேசுக்கு அனுப்புனா, செத்துப்போன ராசா கதைய இன்னும் அஞ்சு வருசம் படிக்கணும்கிறயே? இந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. கேக்கிறவங்க கூலிக்குப் போறவங்க. அவங்களுக்கு அஞ்சு வருசம்னா என்னன்னு தெரியும்.

நம்மில் பெரும்பாலானவர்கள் வரலாற்றைத் தேடிப்போய் எடுத்தவர்கள் அல்ல. பி.காம். கிடைக்கல, கம்ப்யூட்டருக்குப் பணம் கட்ட முடியல, மிச்சமா இருந்தது வரலாறு. குரூப் தேர்வுக்கு ஆகும்னு யாரோ சொன்னாங்க, சேர்ந்தோம். கல்லூரிக்குள்ளேயும் மேல்தெரு, கீழ்த்தெரு இருக்கு தோழர்களே. வரலாறும் தமிழும் அங்கே கீழ்த்தெரு. ஆனால் இதே வரலாறு எம்.ஏ. தாண்டி ஆராய்ச்சி என்று ஆனதும் திடீரென்று மேல்தெரு ஆகிவிடுகிறது. கண்டதும் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்கிறது. இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்தேன்.

அதற்கு முன்னால், நமக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி? நம்ம பக்கத்திலேயே முக்குளம் இருக்கு. மருது சகோதரர்கள் பிறந்த ஊர். 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது பெயரில் திருச்சியில் ஒட்டப்பட்ட ஜம்புத் தீவு அறிக்கையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கே. ராஜய்யன் 1971இல் எழுதிய நூல், அந்தக் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் என்று வாதாடியது. நல்ல நூல், படிக்கணும். சரி, அந்த அறிக்கை யாரைக் கூப்பிடுகிறது என்று பாருங்கள். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள். அம்புட்டுதான். நாலு வருணத்துக்கு வெளியே இருந்தவனை அது பேர் சொல்லிக் கூப்பிடல. கூப்பிடலைன்னா அவன் சண்டையில இல்லையா? காட்டுக்குள்ள குண்டுக்கு முன்னால யார் நின்னா? யாரு சுமை தூக்கினா, யாரு தண்ணி சுமந்தா, யாரு வேவு பார்த்தா?

மருதுவைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வெள்ளைக்காரனை எதிர்த்து அந்த ஆண்டு அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கில் தொங்கியவர்கள் அவர்கள். நான் சொல்வது வேறு. இந்தக் கேள்வி சேரியிலிருந்து வந்த ஒரு மாணவனுக்குச் சட்டென்று தோன்றும். தோன்றினால் மட்டும் போதுமா? கும்பினிக்காரன் எழுதிவைத்த கடிதங்களை உட்கார்ந்து படிக்கணும். சென்னை ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்காகக் கிடக்கணும். அதுக்குச் சோத்துக்குக் காசு வேணும், நூலக அட்டை வேணும், கையெழுத்துப் போட ஒரு நெறியாளர் வேணும். இதெல்லாம் சேர்ந்ததுக்குப் பேருதான் பிஎச்.டி. சேர்க்கை.

அதே மாதிரி, நம்ம பூட்டன் பாட்டன் மண்டபம் முகாம்ல அடைபட்டுக் கண்டிச்சீமைக்குத் தேயிலை பறிக்கப் போன கதை. போனவன் பாதி, திரும்பினவன் பாதி, 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்டவன் கொஞ்சம். பரமக்குடியில் 1957 செப்டம்பர் 11 அன்று இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டது. கே.ஏ. மணிக்குமார் முதுகுளத்தூர் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2017இல் வெளிவந்தபோது, அந்தக் கொலை நடந்து அறுபது வருஷம் ஆகியிருந்தது. பஞ்சமி நிலத்துக்காகக் காரணையில் 1994இல் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. அந்த நிலத்துக்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்து வந்தது. பழைய ரெக்கார்டைப் படிக்கத் தெரிந்தவன் எடுத்துக் கொடுத்ததால்தான் நிலம் கேட்டு நிற்க முடிந்தது. வரலாறு சோறு போடாதுன்னு சொல்ற பெரியவங்ககிட்ட இதைச் சொல்லுங்க.

சரி, வழி என்ன? 2024 மார்ச்சில் யு.ஜி.சி. ஒரு முடிவு எடுத்தது. 2024-25 கல்வியாண்டு முதல் நெட் மதிப்பெண்ணை வைத்தே பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி.க்கு ஆள் எடுக்கலாம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் சொந்த நுழைவுத் தேர்வும் வைக்கலாம், விசாரிச்சுக்கணும். நெட்டில் மூணு தட்டு வைத்தார்கள். மேல்தட்டு ஜே.ஆர்.எஃப்., அவங்களுக்கு நேர்முகம் மட்டும்தான். மற்ற ரெண்டு தட்டுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்முகத்துக்கு 30. இந்த ரெண்டு தட்டுக்கும் அந்த மதிப்பெண் ஒரு வருஷம்தான் செல்லும். அதுக்குள்ள இடம் கிடைக்கலைன்னா மறுபடி முதல்லேருந்து.

அந்தத் தேர்வு எந்த மொழியில? மொழிப்பாடங்கள் தவிர மத்ததெல்லாம் இங்கிலீசு, இல்லைன்னா இந்தி. இதை யாரும் பெரிசாப் பேசுறதில்ல. அலகாபாத்துப் பையன் தாய்மொழியில கேள்வியப் படிச்சுப் பதில் சொல்றான். நரிக்குடிப் பிள்ளை ஊர், நாடு, பிரம்மதேயம் என்கிற நம்ம கல்வெட்டுச் சொல்லையே இங்கிலீசு எழுத்துல கூட்டிக்கூட்டிப் படிச்சு, இது அதுதானான்னு யோசிக்கணும். 150 கேள்விக்கு மூணு மணி நேரம். யோசிக்கிற நேரம் யாரோட கணக்குல போகுது? இந்தி எதிர்ப்பு பேசுற நம்ம கட்சிகள் நெட்டைத் தமிழில் கேட்டு ஒரு சாலை மறியல் செய்ததாக எனக்கு நினைவில்லை.

2024 ஜூன் 18 அன்று 9 லட்சம் பேர் நெட் எழுதினார்கள். மறுநாளே தேர்வு ரத்து. வினாத்தாள் கசிந்ததாகச் சந்தேகம் என்றார்கள். ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் தொடக்கம் வரை மறுபடி தேர்வு. முடிவு வந்தது அக்டோபர் 17. ஜூனிலிருந்து அக்டோபர் வரை நாலு மாசம். அதுக்கப்புறம் பல்கலைக்கழக விண்ணப்பம், அப்புறம் நேர்முகம், அப்புறம் பட்டியல்.

இந்த மாசங்களுக்கு யார் கூலி கொடுக்கிறது? இதைத்தான் கேக்கணும். சொத்து உள்ள வீட்டுப் பிள்ளை அந்த மாசங்களில் இன்னும் ரெண்டு புத்தகம் படிக்கிறான், இங்கிலீசு வகுப்புக்குப் போறான். நம்ம பையன் திருப்பூருக்குப் போறான், பனியன் கம்பெனியில பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு ராத்திரி போன்ல பட்டியல் வந்துருச்சான்னு பாக்கிறான். நம்ம பொண்ணுன்னா அதுவும் இல்ல. எம்.ஏ. முடிச்சாச்சு, சும்மாதான இருக்கான்னு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடறாங்க. "இன்னும் கடுதாசி வரலயா?"ன்னு அப்பத்தா கேக்கும். அதுல கோவம் இல்ல, ஆனா ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் படிப்பு மேல இருக்கிற நம்பிக்கை கொஞ்சம் கரையும். சில பேர் நேர்முகத்துக்குக் கூப்பிட்டும் போறதில்ல. அதுக்குள்ள மில்லுல சேர்ந்திருப்பாங்க, லீவு கிடைக்காது. பட்டியலில் அவர்கள் பெயர் 'வரவில்லை' என்று மட்டும் பதிவாகும். ஏன் வரவில்லை என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்காது.

வானம் பாத்த பூமிக்காரங்க நாம. காத்திருந்து பழகினவங்க. அதனால இதையும் மழை மாதிரி எடுத்துக்கிறோம், வந்தா வருது, வராட்டிப் போகுதுன்னு. மழைய யாரும் பீரோவுல வச்சுப் பூட்டல. மதிப்பெண் பட்டியலப் பூட்டி வச்சிருக்கான்.

ஒரு தங்கச்சி. அவள் பெயரும் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம். இந்தப் பக்கம்தான். சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுற குடும்பம். அந்தத் தொழிலுக்காக ஊர் ஊராப் போனவங்களோட வரலாற்றை எழுதணும்னு விண்ணப்பம் போட்டா. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். நேர்முகம் ஏழு நிமிஷம். அதில் கேட்டவை: இது வரலாறா, சமூகவியலா? ஆவணம் எங்கே இருக்கிறது? நீங்களும் அந்தச் சமூகம்தானா? அப்படியென்றால் விலகி நின்று எழுத முடியுமா? முதல் இரண்டும் நியாயமான கேள்விகள், யாரிடமும் கேட்கலாம். கடைசி இரண்டும் எனக்கு உறுத்துகிறது. ஜமீன் வீட்டுப் பேரன் ஜமீனைப் பற்றி எழுத வந்தால் விலகி நிற்பாயா என்று கேட்கிறார்களா? கோயில் மானியத்தில் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை கோயிலைப் பற்றி எழுதினால் 'உள்ளிருந்து அறிந்தவர்' என்று பாராட்டு. நாம் நம்மைப் பற்றி எழுத வந்தால் சார்பு. அவ போன்ல சொன்னா, "அண்ணே, எல்லாத்துக்கும் பதில் சொன்னேன், ஆனா இங்கிலீசுல சொல்லும்போது எல்லாம் சின்னதாப் போச்சு." மூணு மாசம் கழிச்சுப் பட்டியல் வந்தது, பேர் இல்ல. தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி மதிப்பெண் கேட்டு வாங்கினோம். எழுத்துல முன்வரிசை, நேர்முகத்துல அடிமட்டம்.

இது அவளோட தனிக்கதை என்றால் நான் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். ஜே.என்.யூ.வில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்றிருந்த காலத்தில், மாணவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, பேராசிரியர் அப்துல் நஃபே தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அது சேர்க்கை மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்முக மதிப்பெண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் சமூகப் பிரிவுக்கு ஏற்ப ஒரே மாதிரி விழுகிறது, இது பாகுபாட்டைக் காட்டுகிறது என்று 2016இல் சொன்னது. 30ஐ 15 ஆகக் குறைக்கச் சொன்னது. பல்கலைக்கழகமே போட்ட குழு, அதன் சொந்தக் கணக்கு. எழுத்துத் தாளில் சாதி தெரியாது. எதிரே உட்கார்ந்தால் தெரியும். பேச்சில் தெரியும், சட்டையில் தெரியும், எந்தக் கல்லூரி என்று கேட்டால் தெரியும்.

குறைத்தார்களா? தலைகீழாக நடந்தது. 2016 மே மாதம் யு.ஜி.சி. கொண்டுவந்த ஒழுங்குமுறை, எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வு ஆக்கியது. 50 சதவீதம் வாங்கினால் உள்ளே வரலாம், அதற்கப்புறம் நேர்முகம்தான் எல்லாம். நூற்றுக்கு நூறு நேர்முகம்! 2017இல் ஜே.என்.யூ.வில் எம்.ஃபில்., பிஎச்.டி. இடங்களையும் பெருமளவில் வெட்டினார்கள். பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வருபவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் முறை ஒன்று அங்கே இருந்தது. ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு அதையும் எடுத்துவிட்டார்கள். மறு வருஷம், 2018இல், நிதி ஆயோக் நாடு முழுவதும் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று ராமநாதபுரம். இன்னொன்று நம்ம விருதுநகர். பின்தங்கியிருக்கோம்னு சொல்றதுக்கு ஒரு ஆபீசு, அதனால மார்க்கு கிடையாதுன்னு சொல்றதுக்கு இன்னொரு ஆபீசு.

இந்த இடத்தில்தான் முத்துக்கிருஷ்ணனைப் பற்றிச் சொல்லணும். சேலத்துக்காரர். அப்பா காவலாளி வேலை பார்த்தவர். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், ரோஹித் வெமுலாவுக்கான போராட்டத்தில் நின்றவர், ரஜினி கிரிஷ் என்ற பெயரில் எழுதியவர். ஜே.என்.யூ. வரலாற்று மையத்தில் எம்.ஃபில். சேர வேண்டும் என்பது அவருடைய ஆசை. நாலு தடவை முயன்றார். கிடைத்த வேலையைச் செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, ஆளாளிடம் கேட்டு வாங்கி, ரயிலில் சாப்பிடாமல் தில்லிக்குப் போனதை அவரே எழுதியிருக்கிறார். இங்கிலீசு சரியாக வராததால் முதல் முயற்சிகள் தவறின. விடல. அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம், மறுபடி தேர்வு, மறுபடி காத்திருப்பு. 2016இல் இடம் பிடித்தார்.

2017 மார்ச் 10 அன்று அவர் ஒரு பதிவு போட்டார். ஆராய்ச்சிப் படிப்புச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை, நேர்முகத்தில் சமத்துவம் இல்லை என்று எழுதினார். இடம் கிடைத்துவிட்ட ஒருவர், தனக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்காக எழுதியது அது. மார்ச் 13 அன்று தில்லி முனீர்க்காவில் நண்பர் வீட்டில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது போலீஸ். குடும்பம் அதை ஏற்கவில்லை, விசாரணை கேட்டது.

அவர் படத்தைப் போஸ்டரில் போடுகிறோம், வீரவணக்கம் என்கிறோம். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. சாவுதான் நம் சுவரில் ஒட்டப்படுகிறது. நாலு வருஷ விண்ணப்பம் ஒட்டப்படுவதில்லை. நம்ம பிள்ளைகள் அந்தப் போஸ்டரைப் பார்த்து, தில்லிக்குப் போனால் இப்படித்தான் முடியும் என்று பயப்படுகிறார்கள், வீட்டில் இன்னும் பயப்படுகிறார்கள். அந்த மனுசன் நமக்கு விட்டுட்டுப் போனது வேற. முதல் தடவை பெயர் வராததை அவர் தன் தகுதிக்கான தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அதைத்தான் பிடிச்சுக்கணும்.

அவர் எழுதியது நியாயம்தான் என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. நூற்றுக்கு நூறு நேர்முகம் என்ற விதி செல்லாது என்று 2018 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மாணவர் அமைப்புதான் வழக்குப் போட்டது. யு.ஜி.சி.யும் 70க்கு 30 என்று திருத்தியது. 2022 ஒழுங்குமுறை எம்.ஃபில்.லை ஒழித்தது, 70:30ஐ வைத்துக்கொண்டது. ஆக இன்றைக்கும் 30. நஃபே குழு கேட்ட 15 இன்னும் வரவில்லை. ஜே.ஆர்.எஃப். வாங்கியவர்களுக்கோ 2024 முடிவின்படி மறுபடியும் முழுக்க நேர்முகம்தான். நல்லாப் படிச்சு மேல்தட்டுக்குப் போன நம்ம பிள்ளைதான் முழுசா அந்த மேசைக்கு முன்னால மாட்டுது.

வெளிநாட்டுக்கும் முயலலாமா என்று ஒரு தம்பி எழுதிக் கேட்டிருந்தார். முயலணும். பாபாசாகேப் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுனுக்கு, கொலம்பியா போனார். 1916 மே மாதம் அங்கே ஒரு கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். உதவித்தொகை முடிந்து 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாயில் பாடம் சொல்லிக் கொடுத்துக் காசு சேர்த்து, கடனும் வாங்கி, 1920இல்தான் மறுபடி கப்பல் ஏறினார். அவருக்கும் மூணு வருஷம் காத்திருப்பு.

இப்போது நம் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. 2022 பிப்ரவரியில் அதன் விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு இவற்றுக்குப் பணம் இல்லை. பொறியியலுக்குப் போ, மருத்துவத்துக்குப் போ, சாதியைப் பற்றி மட்டும் வெளியில போய் எழுதாதே! அந்த விதி 1913இல் இருந்திருந்தால் பாபாசாகேப் அந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது. 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 40 பேருக்குத்தான் கடிதம், மிச்சம் 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தும் சர்க்கார் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டிய நிலை. தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலகப் படிப்புக்கு ஒரு திட்டம் இருக்கு. அதன் விதியையும் தேதியையும் ஆதிதிராவிடர் நலத்துறையில் நேரில் போய்க் கேளுங்க. போன்ல கேட்டா நாளைக்குன்னுவாங்க.

இனி செய்ய வேண்டியது. ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மதுரை, புதுச்சேரி, ஹைதராபாத், தில்லி என்று நாலைந்துக்குப் போடுங்கள். நெட் கட்டணம் நமக்கு 2024இல் 325 ரூபாய், பொதுப்பிரிவுக்கு 1,150. அந்தச் சலுகைக்குச் சாதிச் சான்றிதழ் எண் சரியாக இருக்கணும். ஆராய்ச்சித் திட்டத்தைத் தமிழில் முதலில் எழுதுங்கள். நினைப்பு தெளிவாகட்டும், அப்புறம் இங்கிலீசுக்குக் கொண்டுபோவோம். நேரா இங்கிலீசுல எழுதினா நமக்குத் தெரிஞ்ச வார்த்தைக்குள்ள நினைப்பு சுருங்கிப்போகும். நேர்முகத்துக்கு முன்னால் நாலு பேர் மேசை போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழகணும், அந்த 'விலகி நிற்பாயா' கேள்வியையும் சேர்த்து. ஆவணம் எங்கேன்னு கேட்டா எந்தக் காப்பகம், எந்த வருஷத்துக் கோப்புன்னு சொல்லத் தெரியணும். அதுக்கு முன்கூட்டியே போய்ப் பார்த்திருக்கணும்.

இயக்கத்துக்காரங்களுக்கும் ஒண்ணு. எழுத்து மதிப்பெண்ணையும் நேர்முக மதிப்பெண்ணையும் தனித்தனியாக, ஒவ்வொருவருக்கும், பட்டியலோடு சேர்த்து வெளியிடச் சொல்லிக் கேட்கணும். நம் பல்கலைக்கழகங்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். நேர்முகம் முடிந்தவர்கள் எல்லாரும் தகவல் உரிமையில் தங்கள் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கி ஒரே நோட்டில் சேர்த்து வைத்தால், அஞ்சு வருஷத்தில் நம் கையிலேயே ஒரு நஃபே அறிக்கை இருக்கும். இன்னொன்று, நேர்முகத்துக்குப் போகிறவருக்கு ரயில் காசையும், அன்றைய கூலியையும் ஊர்ப் பொதுவில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். கோயில் கொடைக்கு வரி போடுகிறோம், இதுக்கும் போடலாம்.

காத்திருக்கிற பிள்ளைகளைத் தனியா விடாதீங்க. பட்டியல் வந்து பேர் இல்லைன்னா அன்னைக்கு ராத்திரி யாராவது அந்த வீட்டுக்குப் போங்க. புத்திமதி சொல்ல வேண்டாம், சும்மா பேசிட்டு வாங்க. மறுநாள் மதிப்பெண் கேட்டு மனு எழுதுங்க.

அடுத்த நெட் அறிவிப்பு வந்ததும் ஞாயித்துக்கிழமை இதே இடத்துல உட்கார்ந்து விண்ணப்பம் போடுவோம். எம்.ஏ. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், போட்டோ, கையெழுத்து போட்ட வெள்ளைத்தாள் கொண்டு வாங்க. சான்றிதழ் இன்னும் வாங்காதவங்க இப்பவே எழுதிப் போடுங்க, தாலுகா ஆபீசுல எத்தனை நாள் ஆக்குவாங்கன்னு உங்களுக்கே தெரியும். திருச்சுழிப் பக்கம் இருந்து வர்றவங்க காலையில வர்ற மாதிரி பாத்துக்கங்க, மத்தியானத்துக்கு மேல சர்வர் வேலை செய்யாது.